அக்காவின் அரங்கும் என் பதினொரு திரைச்சீலைகளும்

என் அக்காவுக்குப் பிடிவாதம் என்ற ஒன்று கிடையாது என்று நம்பியே நாற்பத்தாறு வயது வரை ஓட்டிவிட்டேன். எங்கள் வீட்டில் கத்துகிற வேலை முழுக்க என்னுடையது. நான் தையல்காரன். துணியைத் தப்பாக வெட்டுகிறவனைப் பார்த்தால் கத்துவேன், சரியாக வெட்டுகிறவன் மெதுவாக வெட்டினாலும் கத்துவேன். அக்கா ஒரு “சரி” சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். குரலை உயர்த்திப் பேசி அவளை யாரும் பார்த்ததில்லை. கல்யாணம் வேண்டாம் என்று ஒரே ஒரு முறை சொன்னாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்க எங்கள் யாருக்கும் தைரியம் வரவில்லை. அதுவும் பிடிவாதத்தில் சேர்த்தி என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை, அவ்வளவு புத்திசாலி நான்.

என் கடையிலிருந்து நாலு தெரு தள்ளி ஓர் அரங்கு இருக்கிறது. இருநூற்று அறுபது இருக்கை, மரத்தரை, உயரமான கூரை. பாட்டுக் கச்சேரி, நாடகம், நடனம் என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். அக்காவின் சிநேகிதி ஒருத்தி அங்கே டிக்கெட் கிழித்து ஆட்களை உட்கார வைக்கிற வேலையில் இருந்தாள். அவளுக்கு அம்மை போட்டபோது, “ஒரு வாரம் மட்டும் பார்த்துக்கோ” என்று அக்காவை அனுப்பிவிட்டாள். சிநேகிதி திரும்பி வரவே இல்லை. அந்த ஒரு வாரம் இருபத்திரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது.

சாப்பிட உட்காரும்போது நான் வம்புக்கு இழுப்பேன்.

“இன்னைக்கு என்ன கிழிச்ச?”

“நூத்தி அறுபது,” என்பாள், சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவள் வேலை டிக்கெட் கிழிப்பதோடு முடிந்துவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அங்கே விளக்கு போடுகிறவரை அக்கா லைட்டு அண்ணன் என்பாள். அவர் கால்சட்டைக்கு அளவு கொடுக்க வந்தபோது வேறு கதை சொன்னார். காது மந்தமான பெரியவர் யாராவது வந்தால், டிக்கெட்டில் என்ன எண் இருந்தாலும், அக்கா அவரை ஏழாம் வரிசை இடது ஓரத்துக்குக் கூட்டிப்போவாளாம். அங்கேதான் பாட்டு தெளிவாக விழுமாம். கூட்டம் குறைவாக இருந்தால் ஆட்களை அங்கங்கே பிரித்து உட்கார வைப்பாளாம். ஏன் என்று அவர் கேட்டதற்கு, “காலி நாற்காலி பாட்டைத் திருப்பி அடிக்குது அண்ணே, நடுநடுவுல மனுஷங்க வேணும்” என்றாளாம். இதையெல்லாம் கேட்டுவிட்டு நான், “அப்படியா, இடுப்பு எவ்வளவு?” என்று கேட்டேன்.

போன வருடம் அரங்கின் சொந்தக்காரருக்கு முடியாமல் போனது. கட்டடத்தை விற்கப் போவதாகச் சொன்னார். வாங்கக் காத்திருந்தது ஒரு கட்டில், பீரோ கடை. லைட்டு அண்ணன், நாடகக்காரர்கள், வாராவாரம் பாட்டுக் கேட்க வருகிறவர்கள், சுற்றுவட்டாரத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் கூடிப் பேசினார்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நாமே வாங்கினால் என்ன என்று யாரோ கேட்க, அது பற்றிக்கொண்டது. கூட்டுறவுச் சங்கம் பதிவானது. முந்நூற்று நாற்பது பேர் முதலாளிகள். ஒரு பங்கு வாங்கினாலும் ஐம்பது பங்கு வாங்கினாலும் ஓட்டுக்குத் தூக்கக் கை ஒன்றுதான். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவரைத் தலைவராக்கினார்கள்.

அக்கா சேர்ந்ததோடு நிற்காமல் என்னையும் என் மனைவியையும் சேர்த்துவிட்டாள். “நாலு பேர் சேர்ந்து ஒரு சைக்கிள வச்சுக்கிட்டாலே சண்டை வரும், முந்நூத்தி நாப்பது பேரா?” என்று நான் குதித்தேன். “சரி, கையெழுத்துப் போடு,” என்றாள். போட்டேன்.

சங்கத்தில் ஒரு விதி. பங்குப் பணம் போக, முதல் வருடத்தில் ஒவ்வொருவரும் தன் கையால் அரங்குக்கு ஏதாவது செய்து தர வேண்டும். நல்ல விதிதான். வினையும் அதில்தான் இருந்தது. கட்டடம் தன்னுடையது என்றான பிறகு யாருக்குக் கை சும்மா இருக்கும்? கம்பளக் கடைக்காரர் மரத்தரை முழுக்கக் கம்பளம் விரித்தார். மெத்தை தைக்கிற சகோதரிகள் இருவர் இருநூற்று அறுபது நாற்காலிக்கும் மெத்தை போட்டார்கள். ஒரு பள்ளி வாத்தியார் கூரை பூராவும் மெத்தென்ற நுரைப் பலகை ஒட்டினார். நான் சுவரை எடுத்துக்கொண்டேன்.

அளவெடுக்கப் போன அன்றுதான் அந்த அரங்குக்குள் முதன்முதலாகக் காலை வைத்தேன். மூன்று பக்கச் சுவருக்கும் சேர்த்துப் பதினொரு திரைச்சீலை. ஒவ்வொன்றும் பதினாறு அடி உயரம், நாவல்பழ நிறத்தில் கனமான வெல்வெட், உள்பக்கம் தடித்த பருத்தி. அகலத்தைவிட இரண்டரை மடங்கு துணி பிடித்து மடிப்பு வைத்தேன். ஐந்து வாரம் தைத்தேன், மனைவி தேய்த்துத் தேய்த்து மடித்தாள். மாட்டி முடித்தபோது ஒரு விரற்கடைச் சுவர்கூட வெளியே தெரியவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக எதையும் தைத்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது.

அக்கா ஒரு திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

“இவ்வளவு வேணுமா தம்பி?”

“நம்ம அரங்கு அக்கா. இதுல போய் கஞ்சத்தனம் பாப்பாங்களா?”

“சரி,” என்றாள்.

திறப்பு நாளில் ஒரு வயலின்காரரின் குழு வந்தது. ஏழு பேர். வருடத்தில் நாற்பது நாள் அந்த அரங்கில் வாசிக்கிறவர்கள். அரங்கு ஓடுவதே அவர்களால்தான். மைக் வைக்காமல் வாசிப்பது அவர்கள் வழக்கம், அதற்காகவே அவர்கள் அங்கே வந்தார்கள். இருபது நிமிடம் வாசித்திருப்பார்கள். வயலின்காரர் வில்லைத் தாழ்த்தினார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். மறுபடி தொடங்கி, மறுபடி நிறுத்தினார். பின்வரிசைக்காரர்கள் முன்னால் சாய்ந்து சாய்ந்து கேட்டார்கள். இடைவேளையில் அவர் தலைவரிடம் பேசியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

“ஐயா, நான் வாசிக்கிறது எனக்கே கேக்கல. பக்கத்துல இருக்கிறவர் வாசிக்கிறதும் கேக்கல. வில்லுல இருந்து வந்த உடனே செத்துப் போகுது. மூணு வாரம் பொறுத்து வந்து ஒரு தடவை வாசிச்சுப் பாக்கிறோம். அப்பவும் இப்படியே இருந்தா நாங்க வேற இடம் பாத்துக்கிறோம், தப்பா நினைக்காதீங்க.”

தலைவர் மனசுக்குள் கணக்குப் போடுவது முகத்திலேயே தெரிந்தது. அந்த நாற்பது நாள் போனால் அரங்கை நடத்த முடியாது. கட்டில், பீரோ கடைக்காரர் இன்னும் அதே தெருவில்தான் இடம் தேடிக்கொண்டிருந்தார்.

மைக், ஸ்பீக்கர் பார்க்கிறவரை எல்லாரும் சவுண்டு என்றே கூப்பிடுவார்கள். அவர், “இதுக்கு ஏன் கவலைப்படுறீங்க? ஏழு மைக் போட்டா முடிஞ்சது,” என்றார். பெரும்பாலானவர்களுக்கு அது பிடித்திருந்தது. யாரும் கொடுத்த எதையும் எடுக்க வேண்டியதில்லை அல்லவா?

அன்று வீட்டுக்கு வந்தும் அக்கா சாப்பிடவில்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்னாள்.

“தம்பி, திரையை இறக்கணும்.”

“எத?”

“உன் திரையை. கம்பளத்தையும் எடுக்கணும், மேல ஒட்டினதையும் எடுக்கணும். ஆனா முதல்ல திரை.”

“பதினொண்ணையுமா?”

“தெரியல. இறக்க இறக்கத்தான் தெரியும்.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஐந்து வாரம் இடுப்பு ஒடியத் தைத்தவன் நான். “டிக்கெட் கிழிக்கிறவளுக்குச் சத்தத்தப் பத்தி என்ன தெரியும்?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட வாயை அப்போதே தைத்திருக்க வேண்டும். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அக்கா எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். மறுநாள் காலையில் தலைவரிடம் போய், கூட்டம் போடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அரங்கிலேயே கூட்டம். நூற்றெழுபது, நூற்றெண்பது பேர் இருந்திருப்பார்கள். தலைவர் விதியைப் படித்தார். கொடுத்தவர் தன் பொருளைத் தானே எடுத்துக்கொண்டால் யாரும் தடுக்க முடியாது; அவர் எடுக்க மாட்டேன் என்றால் ஓட்டுத்தான். பிறகு அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா மேடையில் ஏறி நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். சவுண்டு மைக்கை நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, வீட்டில் பேசுகிற அதே குரலில் பேச ஆரம்பித்தாள்.

“கேக்கல,” என்றது பின்பக்கம்.

அவள் நிறுத்தவில்லை. நான் நாலாம் வரிசை, எனக்கே பாதிதான் கேட்டது. “மைக்கப் பிடிங்கம்மா” என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். யாரோ சிரித்தார்கள். எனக்கு மானம் போனது. எழுந்து, “அக்கா, மைக்க வாங்கிப் பேசு,” என்று கத்தினேன்.

அவள் அப்போதுதான் மைக்கை வாங்கினாள்.

“இந்த மேடையில நின்னுக்கிட்டு, கதவு பக்கத்துல இருக்கிற லைட்டு அண்ணன்கிட்ட நான் இருபத்தி ரெண்டு வருஷமா இதே குரல்லதான் பேசுறேன். அவர் ஒரு நாளும் என்னன்னு திருப்பிக் கேட்டதில்ல. இன்னைக்கு நாலாவது வரிசையில இருக்கிற என் தம்பிக்கே கேக்கல. எல்லாரும் ஆசையாத்தான் கொடுத்தோம். ஆனா எல்லாரும் ஒரே மாதிரி மெத்து மெத்துன்னு கொடுத்துட்டோம். அது பாட்டைக் குடிச்சிடுது. எடுத்துருவோம். எங்க வீட்டுத் துணியில இருந்து ஆரம்பிக்கலாம்.”

அவ்வளவுதான். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

முந்நூற்று நாற்பது முதலாளிகளின் பார்வையும் என் மேல்தான். சரி, அன்று வந்தவர்களின் பார்வை என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைவர் என்னைப் பார்த்து, “நீங்க சம்மதிச்சா திரைக்கு ஓட்டே வேணாம்,” என்றார். சம்மதம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். அத்தனை பேர் முன்னால், என்னைக் கேட்காமல், என் துணியை எடுக்கலாம் என்று சொல்லிவிட்டாளே என்ற ஆத்திரம் எனக்கு. “ஓட்டே போடுங்க,” என்றேன்.

எடுக்க வேண்டும் என்று எண்பத்து நாலு கை. வேண்டாம் என்று தொண்ணூற்று மூன்று. அந்தத் தொண்ணூற்று மூன்றில் என் கையும் ஒன்று.

அக்கா, “சரி,” என்றாள். எல்லாரும் கலைந்த பிறகு நாற்காலிகளை நேராக்கிவிட்டு வந்தாள்.

ஜெயித்தவனுக்குச் சோறு இறங்க வேண்டாமா? எனக்கு இறங்கவில்லை. மனைவி மோரை ஊற்றிக்கொண்டே சொன்னாள், “நான் அண்ணிக்குத்தான் கை தூக்கினேன். நீங்க முன்னாடி இருந்தீங்க, பாக்கல.”

“என்ன புரிஞ்சுதுன்னு தூக்கின?”

“எனக்கு ஒண்ணும் புரியல. அண்ணி பேசினது கேக்கல, அதான் தூக்கினேன்.” தனக்கும் ஊற்றிக்கொண்டு, “உங்க தையல யாரும் குறை சொல்லலையே. நீங்க ரொம்ப நல்லாத் தச்சுட்டீங்க, அதான் பிரச்சினை. சுமாராத் தச்சிருந்தா கொஞ்சமாவது சத்தம் வெளிய வந்திருக்கும்,” என்றாள். என்னைக் கேலி செய்கிறாளா, சமாதானம் செய்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் அரங்குக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. அக்கா நடுவில் நின்று ஒரு முறை கையைத் தட்டினாள். காதைச் சாய்த்துக் கேட்டாள். இரண்டு நாற்காலியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். நாலடி நகர்ந்து மறுபடி தட்டினாள். தோற்றுப்போன பிறகும், இருக்கிறதை வைத்து எதையாவது காப்பாற்ற முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கிற வரைக்கும் அவளுக்குத் தெரியவில்லை. தோளைத் தொட்டதும் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினாள். மரத்தரையில் விழும் காலடியை வைத்தே வருவது யார் என்று அவள் சொல்லிவிடுவாள் என்று லைட்டு அண்ணன் சொல்லியிருக்கிறார். அந்த அக்கா தன் இடத்திலேயே பயந்து நிற்கிறாள். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

“ஏணி எங்க இருக்கு?” என்று கேட்டேன்.

“எதுக்கு?”

“என் துணி. நான் எடுத்துக்கிறேன். யாரும் தடுக்க முடியாதுன்னு விதியே இருக்கு.”

அவள் போய் ஏணியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். நான் ஏறி வளையங்களைக் கழற்றினேன். ஒவ்வொரு திரை இறங்கியதும் அவள் நடுவில் போய் ஒரு முறை தட்டிவிட்டு வந்தாள். மூன்றாவது இறங்கும்போது லைட்டு அண்ணன் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஐந்தாவதுக்குச் சவுண்டு வந்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று பார்த்தேன். திரையின் மறுமுனையைப் பிடித்து மடிக்க உதவிவிட்டு, “எனக்கு வேலை போச்சு போல,” என்றார். “நாடகத்துக்கு மைக் வேணும்ல அண்ணே,” என்றாள் அக்கா.

எட்டாவது இறங்கியதும் தட்டினாள். இன்னொரு முறை தட்டினாள். “போதும், நிறுத்து,” என்றாள்.

“மிச்சம் மூணு?”

“அது இருக்கட்டும். எல்லாத்தையும் எடுத்தா கிணத்துக்குள்ள பேசுற மாதிரி ஆயிடும்.”

செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாள் நுரைப் பலகை வாத்தியார் வந்து நின்றார். சண்டைக்குத்தான் வந்தார் என்று நினைத்தேன். சுற்றிப் பார்த்துவிட்டு, நடுவில் நின்று இருமிப் பார்த்தார். பிறகு அவரே ஏணியில் ஏறினார். கம்பளக்காரர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் நடைபாதையில் மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சுருட்டிக்கொண்டு போனார். மெத்தைச் சகோதரிகள், எங்கள் மெத்தையைத் தொடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அக்கா, “மெத்தை இருக்கட்டும். ஆள் வராத நாள்ல அது ஆள் மாதிரி,” என்றாள். அவர்களுக்கு ஒரே பெருமை.

சொன்ன நாளில், காலை பத்து மணிக்கு, வயலின்காரர் தன் குழுவோடு வந்தார். தலைவர் முதல் வரிசையில் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். சங்கத்துக்காரர்கள் ஐம்பது அறுபது பேர் வந்திருந்தார்கள். அக்கா அவர்களை அங்கங்கே பிரித்து உட்கார வைத்தாள். முதலாளிகள் வாயைத் திறக்காமல் சொன்ன இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். நான் கடைசியில், கதவு ஓரம், அவள் பக்கத்தில் ஒரு முக்காலியில் இருந்தேன்.

வயலின்காரர் மட்டும் முதலில் வாசித்தார். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் வில் கம்பியைத் தொடுகிற அந்த முதல் உரசல் என் காதுக்குள் கேட்டது. அவர் இழுத்த இழுப்பு சுவரில் பட்டு, கூரையில் பட்டு, பின்னால் இருந்து என் தோள் மேல் வந்து விழுந்தது. மற்ற ஆறு பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஏழு பேர் வாசிப்பதும் தனித்தனியாகக் கேட்டது, ஒன்றாகவும் கேட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்புறம் அழுகை வந்தது. தையல்காரன் ஒருவன் காலை பத்து மணிக்குக் கடையை அடைத்துவிட்டு வந்து அழுகிறான். அழுதால் என்ன?

அக்காவின் பக்கம் சாய்ந்தேன். முணுமுணுப்பாகத்தான் கேட்டேன், சத்தியமாக.

“தினமும் இப்படித்தான் இருந்துச்சா?”

“தினமும்.”

“என்கிட்ட ஏன் ஒரு நாளும் சொல்லல?”

“நீ ஒரு நாளாவது உள்ள வந்தியா?”

“அன்னைக்கு உனக்கு எதிராத்தான் கை தூக்கினேன்,” என்றேன்.

“தெரியும். கையில அளவு டேப் தொங்கிச்சு.”

மேடையில் வாசிப்பு நின்றது. வயலின்காரர் வில்லைத் தாழ்த்திவிட்டு எங்களைப் பார்த்தார். தலைவர் பதறி எழுந்தார். அறுபது தலைகள் திரும்பின.

“பின்னாடி யார் பேசுறது?” என்றார் வயலின்காரர். “நீங்க பேசுற ஒவ்வொரு வார்த்தையும் இங்க கேக்குது.”

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு லைட்டு அண்ணன் சிரித்தார், சவுண்டு சிரித்தார், தலைவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். வயலின்காரரும் சிரித்துவிட்டார்.

“ஐயா, எங்க நாப்பது நாளையும் எழுதிக்கங்க,” என்றார். “ஆனா அந்த ஆள மட்டும் வெளிய உக்கார வைங்க.”

அக்கா வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பும் மேடை வரைக்கும் போயிருக்கும். நான் அசையவில்லை. பங்குதாரனை யாரும் வெளியே அனுப்ப முடியாது, அதற்கும் ஓட்டு வேண்டும்.